ஒன்பது மஞ்சள் குல்லா

பாமாவின் எண்ணிக்கை தப்பியதே கிடையாது. பொம்மனஹள்ளியில் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் ஒரு ஆலையில் பதினொரு வருடமாகச் செக்கர் வேலை பார்க்கிறாள். தைத்து வந்த உருப்படிகளைக் காலர் ஒரே பக்கம் வரும்படி அடுக்கிவைத்து, இரண்டு விரலால் காலர்களைத் தட்டிக்கொண்டே போவாள். வாய் பக்கத்து மேஜைக்காரியோடு ஊர்வம்பு பேசும். கண் சூப்பர்வைசர் எங்கே நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டிருக்கும். விரல் மட்டும் தன் பாட்டுக்கு எண்ணும். கடைசி உருப்படியைத் தொட்டதும் "பண்டல் க்ளோஸ்" என்பாள். அதற்குப் பிறகு அந்த அடுக்கை வேறு யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை, அவ்வளவு நம்பிக்கை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் எண்ணிக்கை தப்பவில்லை. ஒன்பது பிள்ளைகள் என்றால் ஒன்பது பிள்ளைகள்தான். வினையே அங்கேதான் வந்தது.

பாமா குடியிருப்பது லைன் வீடு. ஆறு குடும்பம், ஒரு குழாய், பிள்ளைகள் விளையாட மூன்றடி அகலச் சந்து. சந்தில் பந்து உருட்டினால் யார் வீட்டுச் சோற்றுப் பானையிலாவது போய் விழும். ஒருமுறை எல்லாரையும் மாலுக்குக் கூட்டிப்போனார்கள். நகரும் படிக்கட்டில் நாலு தரம் ஏறி இறங்கிவிட்டு, வேறெதையும் தொடாமல், செக்யூரிட்டி பின்னாலேயே நடந்துவர, திரும்பி வந்தார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகுதான் பாமா முடிவெடுத்தாள். மாதத்தில் ஒரு ஞாயிறு கப்பன் பார்க். உள்ளே போக யாரும் கேள்வி கேட்பதில்லை. பெண்களுக்கு பஸ்ஸில் டிக்கெட் காசு கிடையாது. பக்கத்து வீட்டு யூனிஸ் ஒரு பி.ஜி. ஹாஸ்டலில் சமையல் வேலை செய்கிறவள், பெரிய தூக்கில் எலுமிச்சம்பழச் சோறு கிளறிக் கொண்டுவந்துவிடுவாள். உட்கார, தேர்தலுக்குக் கட்டியிருந்த ஒரு பழைய பேனர். தலைவரின் முகம் கீழ்ப்பக்கம் போகும்படி விரிப்பார்கள்.

போனால் எதையும் வாங்கக் கூடாது என்பது சட்டம். ஒருத்தி பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால் மீதி எட்டும் அழுமே.

தொலையாமல் கூட்டிவரவும் பாமாவிடம் ஒரு வழி இருந்தது. ஓசூர் ரோட்டில் தார்ப்பாய் விரித்து ரிஜெக்ட் துணி விற்பார்கள். அங்கே ஒரே மாதிரி மஞ்சள் ஸ்வெட்டர்கள் மலைபோல் குவிந்திருந்தன. தலைக்கு அதோடு சேர்த்துத் தைத்த குல்லா, நெஞ்சில் ஒரு கரடி. அச்சடித்தவன் கரடிக்கு ஒரு கண்ணை விட்டுவிட்டான், வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டான். ஒன்பது பிள்ளைகளுக்கும் அதையே வாங்கிப் போட்டார்கள். எந்தப் புல்வெளியில் ஓடினாலும் மஞ்சள் கண்ணில் குத்தும். கிளம்பும்போதெல்லாம் பிள்ளைகள் முதுகைக் காட்டி வரிசையாக நிற்க வேண்டும். பாமா இரண்டு விரலால் கழுத்தோரம் தட்டித் தட்டி எண்ணுவாள். விரல் பட்டுவிட்டால் நகரக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. "பண்டல் க்ளோஸ்" என்ற பிறகுதான் விடுதலை. பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. உதட்டை இறுக்கி மடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பார்கள்.

அன்றைக்குச் சாப்பாடு ஆனதும் ஒருமுறை எண்ணினாள். எட்டு வந்தது.

திரும்ப எண்ணினாள். எட்டுதான். அவளுடைய மகள் சங்கமித்ராவையே காணவில்லை. பாமா அங்குமிங்கும் ஓடினாள். பார்த்தால் பத்தடி தள்ளிப் பஞ்சுமிட்டாய்க்காரன் பக்கத்தில், அவன் கம்பில் தொங்கும் ரோஸ் கலர் பொட்டலங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள் ஏழு வயசுச் சீமாட்டி. போன பயம் கோபமாகத்தானே திரும்பி வரும்? பாமா பிள்ளையைத் தரதரவென்று இழுத்து வந்து முதுகில் ஒன்று வைத்தாள்.

"எண்றப்போ நகருவியா? இன்னொரு வாட்டி நகர்ந்தே, உன்ன இங்கயே உட்டுட்டுப் பூடுவேன். பாத்துக்கோ!"

மித்ரா அழவில்லை. குல்லாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, பேனரின் ஓரத்தில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். அதோடு வாயைத் திறக்கவில்லை. பாமாவுக்கு மனசு கேட்கவில்லை. தன் சட்டத்தைத் தானே மீறி, யாருக்கும் தெரியாமல் ஒரு பஞ்சுமிட்டாய் வாங்கிப் பைக்குள் ஒளித்தாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொடுக்கலாம் என்று நினைப்பு.

மூன்றரை மணிக்கு மழை பிடித்தது. இந்த ஊர் மழை சொல்லிவிட்டா வருகிறது? பேனரைச் சுருட்டிக்கொண்டு பேண்ட் வாசிக்கிற மண்டபத்துக்கு ஓடினார்கள். அங்கே ஏற்கெனவே ஊரே ஒதுங்கியிருந்தது. அந்தக் கூட்டத்தைப் பார்த்து யூனிஸ் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அக்கா, அங்க பாரு! நம்ம ஒத்தக்கண்ணு கரடி!"

இன்னொரு கூட்டம். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், எல்லாம் மஞ்சள் குல்லா. ஓசூர் ரோட்டுத் தார்ப்பாய் ஒருத்தருக்கு மட்டுமா விரித்திருக்கிறது? அவர்களைக் கூட்டிவந்த பெண் மழைச் சத்தத்துக்கு மேல் கத்தினாள், தாங்கள் பொம்மசந்திரா என்றும், தானும் கார்மெண்ட்ஸ்தான் என்றும். இரண்டு பெண்களும் தூரத்திலிருந்தே சிரித்துக்கொண்டார்கள். மழை லேசாக விட்டதும் அந்தப் பெண் தன் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, இரண்டு விரலால் கழுத்தோரம் தட்டித் தட்டி எண்ண ஆரம்பித்தாள். அதே தொழில், அதே விரல். பாமாவுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த மழை வருவதற்குள் பஸ் பிடிக்க வேண்டுமே. பாமாவும் "லைன்ல நில்லு!" என்று ஒரு குரல் கொடுத்தாள். மஞ்சள் குல்லாக்கள் முதுகைக் காட்டி நின்றன. தட்டிக்கொண்டே போனாள். ஒன்பது. "பண்டல் க்ளோஸ்!"

கார்ப்பரேஷன் நிறுத்தம் வரை தூறலில் நடை. பாமாவும் யூனிஸுமாக லைன் வீட்டுப் பெண்கள் நாலு பேர், முன்னால் போகிறவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்பது பிள்ளைகள். பஸ்ஸில் ஏற்றும்போது படியில் நின்று மறுபடியும் தட்டினாள். ஒன்பது. மித்ரா முன் சீட்டு ஜன்னலோரம் போய் ஒண்டிக்கொண்டது தெரிந்தது. குல்லாவை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தாள். இன்னும் கோபம் ஆறவில்லை போல, கொஞ்ச நேரம் கிடக்கட்டும் என்று பாமா விட்டுவிட்டாள். அப்பன் ராஜேந்திரனின் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது என்று யூனிஸிடம் குறைப்பட்டுக்கொண்டாள். ராஜேந்திரன் எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி கேப் ஓட்டுகிறவன், ஞாயிறும் டூட்டி. இதற்கெல்லாம் அவன் வரமாட்டான்.

ஆடுகோடி தாண்டியதும் பாமாவுக்குப் பொறுக்கவில்லை. வீடு வரை எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. பைக்குள் கை விட்டு, நசுங்கி உருண்டையாகிப்போன பஞ்சுமிட்டாயை எடுத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி முன்னால் போனாள். ஜன்னலோரக் குல்லா தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இடுக்கி உட்கார்ந்து குல்லாவை மெல்லப் பின்னால் தள்ளினாள்.

"மித்ரா, இங்க பாரு, அம்மா இன்னா வாங்கியாந்திருக்கேன்..."

அது மித்ரா இல்லை.

சின்ன மூக்கு. காதில் சிலுவை போட்ட தோடு. நெற்றியோரம் சுருட்டை முடி. முன்பின் பார்த்திராத ஒரு குழந்தை, எச்சில் ஒழுகத் தூங்குகிறது. பாமா ஒரு வினாடி அந்த முகத்தில் தன் மகளைத் தேடினாள். உண்மையாகவே தேடினாள். தூங்கும்போது முகம் மாறுமோ என்றுகூட நினைத்தாள் என்றால் பாருங்கள். பிறகுதான் உள்ளே ஏதோ அறுந்து விழுந்தது. எழுந்து, மற்ற குல்லாக்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பின்னால் தள்ளினாள். எட்டும் தெரிந்த முகம். மித்ரா இல்லை.

"பஸ்ஸ நிறுத்து! என் பொண்ணு! என் பொண்ணக் காணோம்! நிறுத்துய்யா!"

யூனிஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னாக்கா சொல்ற? நீதானே எண்ணினே?"

அந்தக் கேள்வி பாமாவைக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆமாம், அவள்தான் எண்ணினாள். இரண்டு தரம் எண்ணினாள். யாரோ பெற்ற பிள்ளையின் கழுத்தைத் தொட்டு, தன் பிள்ளை என்று கணக்கில் சேர்த்துக்கொண்டு, "க்ளோஸ்" என்றும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பெற்ற கைக்குப் பிள்ளையின் கழுத்து தெரியாதா? தெரியவில்லையே!

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "யாக்கம்மா கூக்தீரா? ஏனாய்த்து?" ஏன் கத்துகிறீர்கள், என்ன ஆயிற்று என்று கேட்டார்.

யூனிஸ் தனக்குத் தெரிந்த கன்னடத்தில் தடுமாறிச் சொன்னாள். பின் சீட்டிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்று, தூக்கம் கலைந்து மிரளும் குழந்தையையும் பாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஈ மகு நிம்தல்வா?" என்றாள். இந்தப் பிள்ளை உங்களுடையது இல்லையா?

இரண்டு மூன்று செல்போன்கள் பாமாவின் முகத்துக்கு நேராக உயர்ந்தன. பிள்ளை பிடிக்கிறவள் என்று நினைக்கிறார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. யாருடைய பிள்ளையையோ பஸ் ஏற்றிக் கூட்டிப்போகிறவளை வேறு என்னவென்று சொல்வார்கள்?

யூனிஸ்தான் குழந்தையின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"உன் பேரு இன்னா கண்ணு?"

"நோரா."

"எங்க கூட எதுக்கும்மா வந்தே?"

குழந்தை பாமாவைக் கை காட்டியது. "இந்த ஆன்ட்டிதானே என்ன எண்ணுனாங்க?"

பாமா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பஞ்சுமிட்டாய் கையிலிருந்து விழுந்து யார் காலடியிலோ போயிற்று.

நோராவுக்கு அம்மாவின் நம்பர் மனப்பாடம். பள்ளியில் பாட்டாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ராகம் போட்டுத்தான் சொல்ல வந்தது, பாதியில் நிறுத்தினால் முதலிலிருந்து பாட வேண்டியிருந்தது. யூனிஸ் நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். முதல் தடவை எடுக்கவில்லை. அந்த மணி அடித்து ஓய்வதற்குள் பாமா மனசுக்குள் மூன்று முறை மண்டபத்துக்கு ஓடித் திரும்பிவிட்டாள். மழை, காலி மண்டபம், தூணுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் குல்லா. இரண்டாம் தடவை எடுத்தார்கள்.

"நோராவோட அம்மாங்களா?" என்றாள் யூனிஸ்.

"ஆமா, ஆஞ்சலாதான் பேசுறேன். யாரு?"

"நாங்க மண்டபத்துல உங்களப் பாத்தவங்க. நோரா எங்க கூட பஸ்ல இருக்கா."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "எங்க நோராவா? அவ முன்னாடி சீட்ல உக்காந்திருக்காளே. இப்பதான் எண்ணி ஏத்துனேன். பன்னெண்டு. சரியா இருக்குது."

ஐந்து நிமிஷம் முன்னால் பாமாவைக் கேட்டிருந்தால் அவளும் அப்படியே சொல்லியிருப்பாள், அதே சிரிப்போடு. போனைப் பிடுங்கினாள்.

"எண்ணாதீங்க! குல்லாவத் தூக்கி மூஞ்சியப் பாருங்க!"

பஸ் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ நகர்கிற சத்தம். பிறகு "ஐயோ, மாதாவே!" என்று ஒரு அலறல். இங்கே போனைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஒருமுறை குலுங்கிவிட்டார்கள்.

"மித்ரான்னு பேரு! ஏழு வயசு!" பாமா கத்தினாள். "இருக்காளா? நல்லா இருக்காளா? அவ கிட்ட குடுங்க!"

"இருக்கா, இருக்கா... இந்தா பாப்பா, உங்கம்மா பேசுறாங்க, பேசு..."

"மித்ரா? அம்மாடி! பேசுடா கண்ணு!"

மூச்சு கேட்டது. மூக்கடைத்த, சின்ன மூச்சு. அது மித்ராவின் மூச்சு என்று சத்தியம் பண்ணுவாள். ஆனால் ஒரு சொல் வரவில்லை. எத்தனை தரம் கூப்பிட்டும் வரவில்லை. ஆஞ்சலாவே மறுபடியும் போனை வாங்கினாள்.

"பேச மாட்டேங்குறா. அடி கிடி ஒண்ணும் இல்ல. ஏறுனதுல இருந்து ஒரு சத்தம் இல்ல, நான் தூங்குறான்னே நெனச்சேன். இப்ப பாத்தா கண்ண முழிச்சிகினு சிலையாட்டம் உக்காந்திருக்கா. சாந்திநகர் தாண்டிட்டோம். எங்க இறங்கணும்?"

மடிவாளாவில் என்று முடிவாயிற்று. கண்டக்டரே நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். செல்போன் பிடித்தவர்கள் ஜன்னல் வழியாகவும் பிடித்துக்கொண்டே போனார்கள்.

அந்தக் காத்திருப்பு இருபது நிமிஷம் இருக்குமோ என்னவோ. பாமா நிறுத்தத்தின் விளிம்பில் நின்று, வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னலையும் பார்த்தாள். பக்கத்தில் நோரா யூனிஸின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். நடந்தது என்ன என்று பாமாவுக்கு இப்போது கோவையாகத் தெரிந்தது. கோபத்தில் தூணோரம் ஒதுங்கி நின்ற மித்ராவின் கழுத்தில் ஆஞ்சலாவின் விரல் பட்டிருக்கிறது. கணக்கு நிறைந்துவிட்டது. பன்னிரண்டு ஆனதும் எண்ணப்படாமல் விடுபட்ட நோரா இந்தப் பக்கம் வந்து நின்றிருக்கிறது. இங்கேயும் கணக்கு நிறைந்துவிட்டது. கையைப் பிடித்து நடத்தினால் பிள்ளை பின்னால் போகத்தான் செய்யும். அதெல்லாம் சரி. மித்ராவுக்கு அம்மா யாரென்று தெரியாதா? கூப்பிட்டிருக்கலாமே? ஏன் ஒரு சத்தம் போடவில்லை? வாயே வராதபடி பிள்ளைக்கு என்ன ஆயிற்று?

ராஜேந்திரன் போன் பண்ணினான். "எல்லாம் பத்திரமா ஏறிட்டீங்களா? எண்ணிட்டியா?" என்றான். பாமா போனை அணைத்துவிட்டாள்.

பஸ் வந்தது. முதலில் ஆஞ்சலா குதித்தாள், பஸ் நிற்பதற்கு முன்பே. நோரா "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். தாயும் மகளும் நடுரோட்டில் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்புறம் மஞ்சள் குல்லாக்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியில் மித்ரா. யாரோ ஒரு பெண் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

பாமா பாய்ந்து தூக்கினாள். பிள்ளை கட்டையாக இருந்தது. கைகள் பக்கவாட்டில் ஒட்டியபடி இருந்தன. முத்தம் கொடுத்தாள், உலுக்கினாள், பெயரைச் சொல்லிக் கத்தினாள். மித்ராவின் கண் அம்மாவையே பார்க்கிறது, பார்த்துக்கொண்டே தண்ணீர் வழிகிறது. ஆனால் வாய் திறக்கவில்லை.

"பயந்திருக்குது, தண்ணி குடு," என்றாள் யூனிஸ். "ஆஸ்பத்திரிக்குப் பூடலாமா?" என்றாள் ஆஞ்சலா.

பாமா பிள்ளையின் வாயைப் பார்த்தாள். இரண்டு உதடும் உள்ளே மடிந்து, வெளுத்துப்போகும் அளவுக்கு இறுக்கிக் கிடந்தன. அந்த வாய் அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாய். மாதா மாதம், வரிசையில், சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிற வாய். ஆஞ்சலாவுக்கு எண்ணத் தெரியும். எண்ணி முடித்ததும் என்ன சொல்ல வேண்டும் என்பது இந்த லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தானே தெரியும்? மண்டபத்தில் பாமா சொன்னது தன் வரிசைக்கு; ஆஞ்சலாவின் விரல் பட்ட பிள்ளைக்கு அதை யாரும் இன்னும் சொல்லவில்லை.

"பண்டல்..." என்றாள். எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடியும் சொன்னாள். "பண்டல் க்ளோஸ்."

மித்ராவின் தோள் தொய்ந்தது. வாய் திறந்தது. உள்ளே இத்தனை நேரம் அடைத்து வைத்திருந்ததெல்லாம் ஒரே விக்கலாக வெளியே வந்தது.

"அந்த ஆன்ட்டி வெரல் வெச்சிட்டாங்கம்மா. அதான் நகரல. நீ போறத பாத்துகினே இருந்தேன். கேட் வரைக்கும் தெரிஞ்சுது. அப்பவும் நகரல."

பாமா முந்தானையால் பிள்ளையின் கன்னத்தைத் துடைத்தாள்.

"நான் நகரவே இல்லியே," என்றாள் பிள்ளை. "அப்புறம் ஏம்மா என்ன உட்டுட்டுப் போனே?"

ஆஞ்சலா தன் விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், எதையோ தொட்டுவிட்டவள் மாதிரி. பாமா தான் அடித்த முதுகையே தடவிக்கொண்டிருந்தாள்.

பொம்மனஹள்ளி பஸ் வந்தது. யூனிஸ் பழக்கத்தில் "லைன்ல நில்லுங்க, அக்கா எண்ணணும்" என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகளும் பழக்கத்தில் முதுகைக் காட்டி நின்றார்கள். மித்ரா அம்மாவின் இடுப்பிலிருந்து நழுவி இறங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓடிப்போய் வரிசையின் கடைசியில், ஒன்பதாவதாக நின்றாள். குல்லாவைப் போட்டுக்கொண்டு, கழுத்தைக் குனிந்து, உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள்.

பாமாவுக்கு விரல் எழவில்லை. சுற்றிக்கொண்டு முன்பக்கமாகப் போய், ஈரத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, முதல் குல்லாவைக் கையால் பின்னுக்குத் தள்ளி அந்த முகத்தைப் பார்த்தாள். "உன் பேரு சொல்லு," என்றாள். பிள்ளை விழித்தது, பிறகு சொன்னது. அடுத்த முகத்துக்கு நகர்ந்தாள். ஒன்பதாவது முகத்துக்கு வருவதற்குள் பஸ் போய்விட்டது. போகட்டும் என்று எல்லாரும் நின்றார்கள்.